தண்டவாளம் சொல்லும் ஊர் வரலாறு

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எது என்று கேட்டால், நம் மாணவர்கள் ‘மும்பை – தானே, 1853’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். அதே மாணவர்களிடம், ‘நீ தினமும் கடந்து வரும் ரயில் பாதை ஏன் இந்த வழியாகப் போகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் பாடமாக வரலாறு சுருங்கிவிடக் கூடாது என்றால், இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நாம் கேட்க வேண்டும். நான் பணிபுரியும் சென்னையை எடுத்துக்காட்டாகக் கொண்டு சொல்கிறேன்.

மும்பை – தானே ரயிலுக்கு முன்பே, 1837-இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை ஒரு தண்டவாளப் பாதை இருந்தது. சாலை போடுவதற்கான கல்லைக் கொண்டுவருவதே அதன் வேலை. அதன் பின்னால் இருந்தவர், கொள்ளிடத்தில் மேலணை கட்டிய அதே ஆர்தர் காட்டன்தான். அடுத்து, 1856-இல் ராயபுரம் நிலையம் திறக்கப்பட்டு, அங்கிருந்து வாலாஜா சாலை வரை பயணிகள் ரயில் ஓடியது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. முதல் நிலையம் ஏன் ராயபுரத்தில்? வரைபடத்தில் கடலையும் ஜார்ஜ் டவுன் வணிகப் பகுதியையும் காட்டுங்கள். விடையை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி டிராம் வண்டி. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் 1895 மே மாதம் சென்னையில்தான் ஓடத் தொடங்கியது. முதலில் மின்கம்பியைத் தரைக்கடியில் ஒரு பள்ளத்தில் பதித்தார்கள். மழைக்காலத்தில் பள்ளத்தில் தண்ணீர் புகுந்தது. பிறகு கம்பியைத் தலைக்கு மேலே கட்டினார்கள். ஐப்பசி மழையைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கூடவே, ஓர் ஊருக்குப் பொருந்தும் தொழில்நுட்பம் இன்னோர் ஊருக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதையும் புரிந்துகொள்வார்கள்.

பாரிமுனை, அண்ணா சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று ஓடிய டிராம், 1953 ஏப்ரலில் நின்றுபோனது. இதற்கிடையே, 1931 மே 11 அன்று கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதை 2004-இல் முடிவுக்கு வந்து அகலப் பாதையாக மாறினாலும், அந்த ரயில் இன்றுவரை ஓடுகிறது.

இங்கேதான் என் வகுப்பின் முக்கியமான கேள்வி வருகிறது. இரண்டும் தண்டவாளம், இரண்டும் மின்சாரம். ஒன்று ஏன் மறைந்தது? மற்றொன்று ஏன் நிலைத்தது?

மாணவர்கள் முதலில், ‘டிராம் பழசாகிவிட்டது, அதனால் நின்றது’ என்பார்கள். பழையது தானாகவே மறையும் என்றால் கொல்கத்தாவில் டிராம் இத்தனை காலம் ஓடியிருக்காதே என்று நான் கேட்பேன். அப்போது காரணங்களைத் தேடத் தொடங்குவார்கள். டிராம் மற்ற வண்டிகளோடு சாலையைப் பகிர்ந்துகொண்டது. ரயிலுக்குத் தனிப்பாதை இருந்தது. பேருந்து நினைத்த தெருவுக்குள் போகும். டிராம் போக முடியாது. நடத்திய தனியார் நிறுவனம் நட்டத்தில் இருந்தது. மின்சார ரயிலோ மாம்பலம், சைதாப்பேட்டை என்று தெற்கே வளர்ந்த குடியிருப்புகளை நகரின் மையத்தோடு இணைத்தது. ரயிலால் ஊர் வளர்ந்தது, ஊரால் ரயில் நிலைத்தது.

டிராமைத் தண்டவாளத்தோடு அப்புறப்படுத்திய அதே நகரம் 2015-இல் மெட்ரோ ரயிலைத் தொடங்கியது. ‘அப்படியென்றால் 1953-இல் எடுத்த முடிவு சரியா?’ என்று ஒரு மாணவி கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. வகுப்பை இரு அணியாகப் பிரித்து விவாதிக்கச் சொன்னேன். போக்குவரத்து என்பது இயற்கையாக நடப்பதன்று, மனிதர்கள் எடுக்கும் முடிவு என்பதை அன்று அவர்கள் உணர்ந்தார்கள். நாளை வாக்களிக்கப் போகும் குடிமக்களுக்கு இதைவிடத் தேவையான பாடம் எது?

சென்னைக்கு வெளியே இருப்போர், எங்கள் ஊரில் டிராம் ஏது என்று நினைக்க வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் இருக்கிறது. ராமேசுவரத்தில், 1964 புயல் அழித்த தனுஷ்கோடிப் பாதை இருக்கிறது. அகலப் பாதையான நிலையங்களும், ரயில் நின்றுபோன நிலையங்களும் பல மாவட்டங்களில் உண்டு. மூன்று கேள்விகள் போதும்: பாதை எதற்காகப் போடப்பட்டது? அதனால் எந்தப் பகுதி வளர்ந்தது, எது ஒதுங்கியது? மாறியபோது யாருக்கு லாபம், யாருக்கு இழப்பு?

இதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள். 1953-இல் பத்து வயதுச் சிறுவனாக டிராமில் போனவருக்கு இன்று எண்பது வயது கடந்துவிட்டது. கட்டணம் எவ்வளவு, யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், நின்ற அன்று அந்தத் தொழிலாளர் வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. கட்டடம் காத்திருக்கும், தாத்தா பாட்டிகளின் நினைவு காத்திருக்காது. ஒரு குறிப்பேட்டோடு நம் மாணவர்களை அவர்களிடம் அனுப்பிவைப்போம்.