அம்மையார் கூந்தல்

சாந்த்ராகாச்சி ஏரிக்கரையில் இலந்தைப் புதரின்மேல் பொன்னிழைகளாய்ப் படர்ந்திருந்த கொடியொன்றைக் காட்டி, "ஸ்வர்ணலதா" என்றாள் எம் இல்லத்துச் சிறுமி. வங்க மொழியில் அது பொற்கொடி. தமிழ்ப் பெயரை அவள் அறியாள். நாம் சொல்லித் தந்ததில்லை.

இக்கொடிக்கு இலை இல்லை. முளைத்தபொழுது இருந்த வேரும், தண்டு பிறிதொரு செடியைப் பற்றியபின் மடிந்துவிடும். பின்னர் உறிஞ்சு வேர்களால் அச்செடியின் சாற்றை உண்டே சிறு வெண்பூக்களைப் பூக்கிறது. இமயச் சாரல் முதல் இலங்கை வரை இது வளர்கிறது.

அருகிலுள்ள சிப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ராக்ஸ்பர்க், 1798இல் இதனைக் கஸ்குட்டா ரிஃப்ளெக்சா எனப் பெயரிட்டு விவரித்தது, சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய நூலிலேயாம்.

ஆகவே, நேயர்களே, இது நம் ஊர்க் கொடியுமாகும். வேரை இழந்து வாழ்வது அதற்கு இயல்பு. நமக்கு அது ஆகாது. "அம்மையார் கூந்தல்" என்று அன்றே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோம்.