கைமாறி வந்த ஒரு நூல்

(வெள்ளி விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



நமது கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், மகளிர் வாசிப்பு வட்டத்தின் சார்பில் சில சொற்கள் கூறுமாறு எங்களைப் பணித்தீர்கள். கழகம் ஆற்றிய பணிகளை எடுத்துரைக்க மூத்தோர் பலர் இருக்கின்றனர். நாங்கள் ஒரே ஒரு நூலைப் பற்றிப் பேச விரும்புகின்றோம். சென்ற பதினோரு மாதங்களில் அதன் ஒரே படி எங்களுள் பதினான்கு பேரின் கைகளுக்கு மாறி மாறிச் சென்றது. அட்டை கிழிந்து, இருமுறை ஒட்டப்பெற்று, இப்பொழுது இம்மேசையின்மீது இருக்கிறது.

ஈரான் நாட்டைச் சேர்ந்த பேராசிரியை அசர் நஃபீசி ஆங்கிலத்தில் எழுதி, 2003-ஆம் ஆண்டு வெளிவந்த தன்வரலாற்று நூல் அது. 'டெஹ்ரானில் லோலிதா வாசிப்பு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பழைய புத்தகக் கடையொன்றில் சகோதரி ஒருவர் அதை வாங்கி வந்தார். ஆங்கிலம் அறிந்தோர் தாமே படித்தனர். ஏனையோர்க்குக் கல்லூரி ஆசிரியையாகிய சகோதரி ஒருவர் ஞாயிறுதோறும் தமிழில் எடுத்துச் சொன்னார். பின்னட்டையின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, படித்து முடித்தவர் நாளைக் குறித்து ஓரிரு வரிகள் எழுதவேண்டும் என்றும் ஏற்பாடு செய்துகொண்டோம்.

நூலின் செய்தியைச் சுருங்கக் கூறுகின்றோம். 1979-இல் ஈரானில் மன்னராட்சி வீழ்ந்து இஸ்லாமியக் குடியரசு அமைந்தது. 'பண்பாட்டுப் புரட்சி' என்னும் பெயரால் 1980-இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்துவந்த நஃபீசி, தலைத்துணி அணிய மறுத்தமையால் 1981-இல் வெளியேற்றப்பட்டார். பெண்கள் பொதுவிடங்களில் தலையை மூடியே ஆகவேண்டும் என்பது 1983-இல் சட்டமாயிற்று. பிற்காலத்தில் வேறொரு பல்கலைக்கழகத்தில் பணியேற்ற அவர், அங்கு நிலவிய கெடுபிடிகளைத் தாங்கமாட்டாமல் 1995-இல் பதவியைத் துறந்தார். துறந்தவர் சும்மா இருக்கவில்லை. தம் மாணவியருள் எழுவரை வியாழன் காலைதோறும் தம் வீட்டிற்கு அழைத்து இலக்கியம் படிக்கலானார். கடையில் கிடைக்காத நூல்களை நகலெடுத்துப் படித்தனர். நபகோவ், ஃபிட்ஸ்ஜெரால்டு, ஹென்றி ஜேம்ஸ், ஜேன் ஆஸ்டின் ஆகிய நால்வரின் படைப்புகளைச் சுற்றியே நூல் நான்கு பகுதிகளாக அமைந்துள்ளது. கறுப்பு அங்கியும் தலைத்துணியுமாக வாயிலில் நுழையும் மாணவியர், உள்ளே வந்து அவற்றைக் களைந்ததும், ஒவ்வொருவரும் தத்தம் நிறமும் முகமும் உடைய தனித்தனிப் பெண்களாகத் தோன்றினர் என்று அவர் எழுதுகிறார். 1997-இல் அவர் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்கா சென்றார்.

நூலின் பெயரைக் கேட்டதுமே, "லோலிதா ஆபாசக் கதையன்றோ? அதைப் பேசும் நூல் நம் பெண்களுக்கு எதற்கு?" என்று கழகப் பெரியவர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே, விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். நபகோவின் அக்கதையில், வயது முதிர்ந்த ஆடவன் ஒருவன் தாயை இழந்த சிறுமியைத் தன் பிடியில் வைத்துச் சீரழிக்கிறான். கதையைச் சொல்பவனும் அவனே. தேனொழுகப் பேசி நம்மைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறான். டெஹ்ரான் மாணவியர் அவன் பேச்சில் மயங்கவில்லை. அச்சிறுமியின் உண்மைப் பெயரையும், இறந்த காலத்தையும், அழுகையையும் தேடிப் படித்தனர். ஒருவருடைய வாழ்வை மற்றொருவர் பறித்துக்கொண்டு, தம் கனவுக்கேற்ப அவரை வனைவது எத்தகைய கொடுமை என்பதையே அவர்கள் அதில் கண்டனர். பெண்ணின் திருமண வயதைச் சட்டம் ஒன்பதாகக் குறைத்திருந்த நாட்டில் அவர்கள் அதைப் படித்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. எங்கள் தாளில் செவிலியராகப் பணிபுரியும் சகோதரி எழுதியிருப்பது இது: "பேச வாய்ப்பற்றவளின் குரலை, பேசுகிறவனின் சொற்களுக்கு இடையில் கேட்கக் கற்றுக்கொண்டேன்."

நூலில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 'கிரேட் கேட்ஸ்பி' என்னும் நாவல் ஒழுக்கக்கேடானது என்று ஒரு மாணவர் முறையிட்டபோது, நஃபீசி அவரை வெளியேற்றவுமில்லை, நாவலை ஒளித்துவைக்கவுமில்லை. வகுப்பையே வழக்குமன்றமாக்கினார். அம்மாணவர் குற்றம் சாட்டினார். மாணவி ஒருவர் எதிர்வாதம் புரிந்தார். நஃபீசியே குற்றஞ்சாட்டப்பட்ட நூலின் இடத்தில் நின்றார். எதிர்ப்பவரும் காப்பவரும் நூலைப் புரட்டாமல் அங்கு வாய்திறக்க இயலாது. இம்முறை நமக்கும் ஏற்றதாகத் தோன்றுகிறது.

இந்நூலைக் குறையற்றது என்று நாங்கள் கூறவில்லை. மேலைநாட்டு வல்லரசு நோக்கங்களுக்கு இது துணைபோகிறது என்று ஈரானில் பிறந்த பேராசிரியர் ஹமீத் தபாஷி 2006-இல் கடுமையாகச் சாடினார். ஈரானியப் பெண்கள் தம் மொழியிலேயே வளமான இலக்கியம் படைத்துவருவதை இந்நூல் காட்டவில்லை என்று ஃபாதிமே கேஷாவர்ஸ் 2007-இல் மறுப்புநூல் எழுதினார். எங்களுக்கும் ஒரு குறை உண்டு. நஃபீசியின் தந்தை டெஹ்ரான் மாநகரத் தலைவராக இருந்தவர். தாயார் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அவருக்கு விசாலமான ஓர் அறையும் ஒரு முழுக் காலைப்பொழுதும் இருந்தன. துப்புரவுப் பணிக்குச் செல்லும் எங்கள் சகோதரி அத்தாளில், "அந்த வீட்டில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவியது யார்?" என்று ஒரே வரி எழுதினார். அவ்வினாவைப் பற்றி இரண்டு ஞாயிறுகள் பேசினோம்.

ஆயினும், படிப்பைத் தடுப்பார்க்கு அஞ்சிப் படித்த வரலாறு நமக்கும் உரியதே. 1855-இல், ஜோதிராவ் புலே இணையரின் பள்ளியில் பயின்ற மாங் குலத்துச் சிறுமி முக்தா சால்வே, தம் மக்களின் துயரை எழுதி 'ஞானோதயா' இதழில் வெளியிட்டார். மராத்திய எழுத்தாளர் பேபி காம்ப்ளே, சிறு கடை நடத்தியவாறே, பொட்டலம் மடிக்க வந்த பழைய செய்தித்தாள்களைப் படித்தார். தம் வாழ்க்கைக் கதையைக் கணவருக்கும் வீட்டாருக்கும் தெரியாமல் எழுதி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தார். அது 1986-இல்தான் நூலாயிற்று. அண்ணல் அம்பேத்கரின் இயக்கத்தில் வளர்ந்தவர் அவர். அவரே தம் தாள்களை மறைக்க நேர்ந்தது தம் வீட்டிற்குள்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, சொல்லத் தயங்கியதைச் சொல்கின்றோம். இத்தாளில் பதின்மூன்று பேரின் வரிகளே உள்ளன. பதினான்காம் இடம் வெறுமையாக இருக்கிறது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் தங்கை ஒருவர் இந்நூலைத் தேர்வு வழிகாட்டிக்குள் மறைத்துவைத்துப் படித்தார். அவர் அண்ணன் அதைக் கண்டு பிடுங்கி, பெட்டியில் வைத்துப் பூட்டினார். இரண்டு மாதங்கள் கழிந்தபின், நாங்கள் மூவர் சென்று கேட்டபோது, நூலைத் தந்தார். ஒரு பக்கமும் படிக்கவில்லை என்றும் அவரே சொன்னார். நல்லவர், நமது மாலைப் பள்ளிக்காக உழைத்தவர். தங்கையின்பால் கொண்ட அச்சமே அவரை அவ்வாறு செய்யவைத்தது என்பதையும் அறிவோம். ஆனால் அத்தங்கை அதன்பின் வாசிப்பு வட்டத்திற்கு வரவில்லை. இன்று இவ்வரங்கிலும் அவர் இல்லை.

எழுத்தை நமக்கு மறுத்தவர்களும், நம் நன்மைக்காகவே மறுப்பதாகத்தான் சொன்னார்கள். அச்சொல் நம் வாயிலிருந்து நம் தங்கையரை நோக்கி வருமாயின், இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் ஏற்றிவைத்த விளக்கு எவர் வீட்டில் எரிகிறது? 1942-இல் நாகபுரி மகளிர் மாநாட்டில், ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் எய்திய முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளப்பதாக அண்ணல் கூறினார். அந்த அளவுகோலை நம் வீட்டு வாயிலிலும் வைத்துப் பார்க்கவேண்டும்.

ஆகவே இவ்விழாவில் கழகத்திடம் நாங்கள் வேண்டுவன மூன்று. நூலகத்தின் திறவுகோல் ஞாயிறு பிற்பகலில் மகளிரிடம் இருக்கட்டும். எந்நூலையேனும் நீக்கவேண்டும் என்போர் அதை முழுதும் படித்துவந்து, பொதுக்கூட்டத்தில் வாதிடட்டும். நாங்களும் படித்துவந்து விடையிறுப்போம். மூன்றாவது வேண்டுகோள் இளைஞர்களுக்கு உரியது. உங்கள் வீட்டுப் பெண்களின் கையில் ஒரு நூலைக் கண்டால், அவர்கள் முடித்தபின் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இந்நூலை இன்று நூலகத்தில் ஒப்படைக்கின்றோம். தாளில் ஓர் இடம் இன்னும் காலியாக உள்ளது. அது அத்தங்கைக்கு உரியது. அவருடைய அண்ணன் இவ்வரங்கில்தான் அமர்ந்திருக்கிறார் என்பதை அறிவோம். விழா முடிந்து இல்லம் திரும்பும்போது, அவரே இந்நூலை எடுத்துச் செல்லவேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொண்டு அமர்கின்றோம்.

வணக்கம். ஜெய் பீம்!