கருத்தரிப்புச் சிகிச்சை யாருக்கு உரியது?

(பெண்கள் உடல்நலம் குறித்த அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



குழந்தையின்மை ஒரு குடும்பத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்கிய துயரம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால், வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இதனை எதிர்கொள்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. இத்தனை பேரைப் பாதிக்கும் ஒன்று பொதுச் சுகாதாரப் பிரச்சனையே.

இந்தியாவில் இச்சிகிச்சைக்கு அடித்தளமிட்டவர்கள் பொதுத்துறை மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் ஆவர். உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் ‘துர்கா’ பிறந்தாள். மாநில அரசு அமைத்த குழு அவரது சாதனையை நம்ப மறுத்தது. வெளிநாட்டு மாநாட்டில் ஆய்வை முன்வைக்கவும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1981 ஜூன் 19 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார். அப்போது அங்கு ஆட்சியிலிருந்தது இடது முன்னணி. இக்கசப்பான உண்மையை இடதுசாரிகள் மறைக்கலாகாது. அறிவியலை அதிகாரிகளின் மனப்போக்குக்கு விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அது பாடம்.

1986 ஆகஸ்டில் பம்பாய் மாநகராட்சியின் கே.இ.எம். மருத்துவமனையில் மற்றொரு குழந்தை பிறந்தது. அம்முயற்சியில் முதன்மைப் பங்காற்றிய விஞ்ஞானி ஆனந்த் குமார், முகோபாத்யாயின் குறிப்புகளை ஆராய்ந்து, முன்னோடி அவரே என்று 1997இல் வெளிப்படையாக அறிவித்தார்.

பொது மருத்துவமனையில் வேரூன்றிய இவ்வறிவியல் இன்று பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளின் சரக்காகிவிட்டது. ஒரு சுற்றுச் சிகிச்சைக்கே இலட்சக்கணக்கில் செலவாகிறது. அது தோற்றால் மீண்டும் செலவு. ஒன்றிய அரசு பெருமையுடன் பேசும் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டிலோ கருத்தரிப்புச் சிகிச்சை விலக்கப்பட்டுள்ளது. விவசாயத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் நிலத்தையோ நகையையோ விற்றாலன்றி அதை நெருங்க முடியாது.

பணம் ஒரு வேலி என்றால், சட்டம் மற்றொரு வேலி. 2021இல் நிறைவேறிய இரு சட்டங்களும் தம்பதி என்று திருமணமானவர்களையே ஏற்கின்றன. வாடகைத் தாய் முறையில் கணவனை இழந்தோருக்கும் மணவிலக்குப் பெற்றோருக்கும் 35 முதல் 45 வயதுவரை இடமுண்டு. மணம் புரியாத பெண்ணுக்கு இல்லை. தன்பாலின இணையருக்கும் இல்லை. குழந்தையை வளர்க்கும் தகுதியைத் தாலியைக் கொண்டு அளப்பது மனுவாதப் பார்வையன்றி வேறென்ன?

கருப்பையைக் கடைச்சரக்காக்குவதைத் தடுத்தது சரியே. ஆயினும் அதே சட்டத்தின்படி, சுமக்கும் பெண்ணுக்கு மருத்துவச் செலவும் காப்பீடுமே உண்டு. மருத்துவருக்குக் கட்டணம், மருத்துவமனைக்கு இலாபம். பெண்ணின் உடலுழைப்பு மட்டும் ‘தியாகம்’. தியாகத்தின் பெயரால் உறவுக்காரப் பெண்கள் குடும்ப நெருக்குதலுக்கு ஆளாகும் ஆபத்தையும் காண வேண்டும்.

சிகிச்சைக்கு முன்னரே தடுக்கக்கூடியவை பல உள்ளன. பிறப்புறுப்புக் காசநோயும், பாதுகாப்பற்ற கருக்கலைப்புக்குப் பின் கவனிக்கப்படாத தொற்றும் கருக்குழாய்களை அடைத்துவிடுகின்றன. இவை வறுமையோடு பிணைந்தவை. ஏழைப் பெண்ணின் கருவளத்தைப் பறித்த சமூகமே, ‘மலடி’ என்ற வசைச்சொல்லையும் அவள்மீதே சுமத்துகிறது. ஆணைப் பரிசோதனைக்கு அழைப்பதற்குக்கூடப் பல குடும்பங்கள் முன்வருவதில்லை.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே இருபாலருக்கும் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இலவசச் சிகிச்சை வேண்டும். கோவா அரசு மருத்துவக் கல்லூரி 2023இல் அதைத் தொடங்கியிருப்பதால், இயலாது என்ற சாக்கு இனிச் செல்லாது. தனியார் கட்டணத்துக்கு உச்சவரம்பும், திருமணத்தை அளவுகோலாக்கும் விதிகளுக்குத் திருத்தமும் வேண்டும்.

குழந்தை வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமைக்காகப் போராடும் இயக்கமே, வேண்டும் என்று ஏங்குவோரின் உரிமைக்காகவும் போராட வேண்டும். இரண்டும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள்.