பெயர் இழந்த படங்கள்

(நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறிது. ஆயினும் நம் ஒவ்வொருவர் இல்லத்திலும் உள்ளது. திண்டுக்கல் நகரத்துப் பழைய வீடுகளிலும், தாடிக்கொம்பு, ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர் முதலாய சுற்றூர்களிலும் நம்மவர் இல்லங்களுட் புகுந்தால், பட்டாசாலைச் சுவரில் மரச்சட்டமிட்ட பழம்படங்கள் சில தொங்கக் காணலாம். "இவர் யார்?" என்று வினவின், "தாத்தா" என்பர். "அவர் அருகில் நிற்பவர்?" எனின், "தெரியவில்லை, யாரோ பெரியவர்" என்பர். அந்த 'யாரோ' என்னும் சொல்லைப் பற்றியதே எம் பேச்சு. முகம் கண்முன் இருக்கின்றது, பெயர் இல்லை. பெயரை மீட்கும் வழி யாது, மீட்கும்போது காக்கவேண்டிய நேர்மை யாது என்னும் இரண்டனையும் கூறுவோம்.

தமிழர் பெயரைப் பேணாதவர் அல்லர். மகனுடைய மகனைப் 'பெயரன்' என்றனர் நம் முன்னோர். பாட்டன் பெயரைத் தாங்குவோன் என்பது பொருள். அதுவே 'பேரன்' என மருவிற்று. போரிற் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் அதன்கண் எழுதினர் என்பதனைச் சங்க நூல்களால் அறிகின்றோம். நம் வத்தலக்குண்டுக்கு அப்பால், வைகைக் கரையில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பை என்னும் ஊரில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006 ஆம் ஆண்டில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரை கவரும் பூசலோடு சார்த்தித் தீயன் அந்தவன் என்பானைக் குறிக்கின்றது என்று அறிஞர் படித்தனர். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவன் முகத்தை நாம் அறியோம், பெயரை அறிவோம். நூறாண்டுக்கு முன் வாழ்ந்த நம் பூட்டியாரின் முகத்தை அறிவோம், பெயரை அறியோம். இவ்விரண்டனுள் எது பெரிய இழப்பு என்பதனை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பெயர் இழந்தமைக்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. படம் எடுத்த நாளில் அதில் உள்ளாரை வீட்டார் அனைவரும் அறிவர். அறிந்த ஒன்றை எழுதி வைப்பார் யார்? பின்னர்ப் பாகப்பிரிவினையாற் படம் ஒரு வீட்டிற்கும், அதனை அறிந்த கிழவி வேறொரு வீட்டிற்குமாகப் பிரிந்தனர். பாட்டன் பெயரே பேரனுக்கும் வருதலின், பெயர் கிடைத்த இடத்தும் அது எத்தலைமுறையானைக் குறிப்பது என்னும் ஐயம் எழுந்தது. பெண்டிர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. கொடிவழி எழுதுவோர் ஆண்மக்களை மட்டும் எழுதினர். பெண்கள் "இன்னார் மனைவி", "இன்னார் தாய்" என்று நின்றனர். மக்கட்பேறு இல்லாதார் அவ்வாறும் நின்றிலர்.

இனி, ஆராயும் முறையைக் கூறுவோம். படத்தைக் கையில் எடுத்தவுடன் முகத்தை நோக்கி, "நம் சித்தப்பாவின் மூக்கு" என்று தொடங்குதல் கூடாது. முதற்கண் தாளை நோக்குக. ஒளிப்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839 இல். கோழிமுட்டை வெண்கரு பூசிய தாளிற் பதித்த படங்கள் 1850 ஐ ஒட்டித் தோன்றி, அந்நூற்றாண்டின் இறுதிவரை பெருக வழங்கின. அவை பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறத்தன. தாள் மெல்லிதாகலின் தடித்த அட்டையில் ஒட்டப்பெற்றன. ஏறத்தாழ இரண்டரை அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமும் உள்ள சிற்றட்டையாயின், அவ்வளவிற்குப் பிரான்சு நாட்டில் 1854 இல் உரிமை பெறப்பட்டது. ஆதலின் அதற்கு முற்பட்டதாகாது. நாலேகால் அங்குலத்திற்கு ஆறரை அங்குலம் உள்ள பேரட்டையாயின், 1866 ஐ ஒட்டி எழுந்த வழக்கு அது. இங்ஙனம் அட்டையே, "இவ்வாண்டிற்கு முன் யான் இல்லை" என்று சான்று பகரும். 1860 இல் இறந்தவர் என்று குடும்பத்தார் கூறும் ஒருவர் அப்பேரட்டையில் இருப்பாராயின், அவர் வேறொருவர். அன்றேல், அது பழைய படத்தைப் பார்த்துப் பின்னர் எடுத்த படி.

அடுத்து உடையும் அணியும். குடுமியா, கிராப்பா? கடுக்கன் உண்டா? மகளிர் காதிற் தண்டட்டி தொங்குகின்றதா, தோடு விளங்குகின்றதா? இரவிக்கை உண்டா? இவை காலத்தைக் காட்டும். எனினும் ஏமாற்றவும் செய்யும். படநிலையத்தார் கோட்டும், கடிகாரச் சங்கிலியும், குடையும், புத்தகமும் வைத்திருந்து வருவோர்க்கு இரவலாகத் தந்தனர். பின்னே தோன்றும் தூணும் மாளிகையும் சீலையில் எழுதிய ஓவியமே. ஆதலின், கோட்டணிந்தமை கண்டு "எம் பாட்டனார் பெருஞ்செல்வர்" என்று முடிவு கட்டுதல் தகாது. மேலும், இறந்தாரை நாற்காலியில் அமர்த்திப் படமெடுத்து, மூடிய கண்களைத் தூரிகையால் திறந்தனபோல் எழுதும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. வெவ்வேறு காலத்தில் எடுத்த கணவன் படத்தையும் மனைவி படத்தையும் ஒன்றாக ஒட்டி மீண்டும் படமெடுத்ததும் உண்டு. கணவன் இருபத்தைந்து வயதினனாகவும் மனைவி அறுபது வயதினளாகவும் தோன்றும் படத்தைக் கண்டு, தாயும் மகனும் என்று மயங்கற்க.

மூன்றாவது, படம் எடுத்த இடம். அட்டையின் அடியிலும் பின்னும் நிலையத்தின் பெயரும் ஊரும் அச்சிட்டிருக்கும். திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875 இல் இருப்புப்பாதை வந்தது. அதன்பின் நம்மவர் மதுரைக்கோ திருச்சிக்கோ சென்று படமெடுத்தல் எளிதாயிற்று. கொழும்பு, கண்டி, இரங்கூன் என்று ஊர்ப்பெயர் இருப்பின் வியவற்க. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்திற்கு முன்னும் பின்னும் நம் புன்செய் நாட்டார் பலர் கங்காணிகளின்பின் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். கொழும்பில் 1890 இல் தோன்றிய பிளாட்டே நிலையம் போன்றவற்றின் முத்திரை கண்டால், 'கடல் கடந்து சென்று திரும்பாதவர் யார்?' என்னும் வினாவைக் குடும்பத்தில் எழுப்புக. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் துணைகொண்டு, தமிழ்நாட்டுப் பழைய படநிலையங்களின் படங்களைத் திரட்டி மின்படிகளாக்கியுள்ளனர். அவற்றோடு ஒப்பிட்டால், ஒரே திரைச்சீலையும் ஒரே நாற்காலியும் எந்நிலையத்தன என்பது புலனாதலும் கூடும்.

நான்காவது, எழுத்துச் சான்று. இதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டா. தகரப்பெட்டியில் உறங்கும் கிரயப் பத்திரமும் அடமானப் பத்திரமும், "இன்னார் குமாரர் இன்னார்" என்று தலைமுறையை உரைக்கும். கலியாண மொய் நோட்டு எவர் எவ்வூரினின்று வந்தார் என்று உரைக்கும். திருமணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் உறவுமுறையையே உரைக்கும். பத்திரம் தொலைந்ததாயின், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டுப் பெறலாம்.

இம்முறை பயன் தருமோ எனின், எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். எம் பாட்டனார் சிறுவராய் நிற்கும் படம் ஒன்றுண்டு. நடுவில் அவர் தந்தையார். நாற்காலியின் பின்னே வெண்சீலை உடுத்த ஓர் அம்மையார். அவரை "மூத்த தாரம்" என்று சிலர் கூறிவந்தனர். உற்று நோக்கியபோது அவர் காதுமடல் இரண்டும் நீண்டு தொங்கின, தண்டட்டி இல்லை. அணிந்து கழற்றிய காது அது. எண்பத்தெட்டு ஆண்டு நிரம்பிய எம் அத்தையாரிடம் படத்தைக் காட்டி, நாம் நினைத்தது எதனையும் முன்னர்ச் சொல்லாது, "இவர் யார்?" என்று மட்டும் கேட்டோம். "அப்பாவுடைய அத்தை. தாலியறுத்து வந்து இந்த வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள். தண்டட்டியை விற்றுத்தான் கிணற்றடி வயலைத் திருப்பினார்கள் என்று அப்பா சொல்வார்" என்றார். பெயர் அவருக்கும் நினைவில்லை. பின்னர்ப் பெட்டியைத் துழாவியபோது, அக்கிணற்றடி வயலின் அடமானப் பத்திரம் அகப்பட்டது. அதன் பின்புறத்தே, கடன் தீர்ந்ததற்கு எழுதிய வரவுக் குறிப்பில், பணம் செலுத்தியவராக ஓர் அம்மையார் பெயரும், "காலஞ்சென்ற இன்னார் பாரியாள்" என்னும் குறிப்பும், பெருவிரல் ரேகையும் இருந்தன. காதும், அத்தையார் சொல்லும், பத்திரமும் ஒன்றோடொன்று பொருந்தின. மூன்று தலைமுறையாக நாங்கள் உண்ட சோறு அவ்வயலில் விளைந்தது. அதனை மீட்டவர் பெயரை எவரும் சொன்னதில்லை. இப்பொழுது தை அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைக்குங்கால் அப்பெயரையும் சொல்கின்றோம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. சான்று கிடையாவிடத்துப் பெயரைப் புனைந்து சூட்டுதல், பெயரின்மையினும் தீது. நம்போன்ற சங்கங்கட்கு இவ்வாசை பெரிது. தலைப்பாகை கட்டிய படமெல்லாம் பாளையக்காரர் படமாகவும், வாள் பிடித்ததெல்லாம் படைத்தலைவர் படமாகவும் ஆகிவிடுகின்றன. பொய்ப்பெயர் ஒன்று ஏறிவிட்டால் மெய்ப்பெயரைத் தேடுவாரும் இலராவர். இக்காலத்துக் கைப்பேசிகள் முகத்தோடு முகம் ஒப்பிட்டுக் காட்டுகின்றன. அது குறிப்பாகுமேயன்றி முடிபாகாது. உடன்பிறந்தார் முகமும் ஒன்றுபோல் இருக்குமன்றோ? ஆதலின், அறிந்ததை 'அறிந்தது' என்றும், கருதியதை 'கருதப்படுவது' என்றும், சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதுக.

முகத்தைக் காட்டாமலே படத்தை அடையாளங் கண்ட வரலாறும் உண்டு. அமெரிக்க நாட்டு உள்நாட்டுப் போரில், 1863 சூலையில், கெட்டிஸ்பர்க் என்னுமிடத்தில் பெயர் அறியப்படாத வீரன் ஒருவன் இறந்து கிடந்தான். அவன் கையில் மூன்று குழந்தைகளின் கண்ணாடிப்படம் ஒன்றிருந்தது. செய்தித்தாளில் ஒளிப்படத்தை அவ்வாறே அச்சிடும் வழி அக்காலத்தில் இல்லை. ஆதலின் பிலடெல்பியா நகரத்துப் பத்திரிகை ஒன்று அக்டோபர் மாதத்தில் அப்படத்தைச் சொற்களால் விரித்தெழுதிற்று: குழந்தைகளின் வயது இவ்வளவு, மூத்த பையன் சட்டையும் தங்கையின் கவுனும் ஒரே துணி. வேறு பத்திரிகைகளும் அதனை எடுத்து வெளியிட்டன. நியூயார்க் மாநிலத்துப் போர்ட்வில் என்னும் சிற்றூரில் பிலிண்டா ஹூமிஸ்டன் என்னும் அம்மையார், தாம் கணவர்க்கு அனுப்பிய படம் அதுவோ என்று ஐயுற்றுப் படியொன்றை வருவித்துப் பார்த்தார். தம் மக்கள் முகமே கண்டார். இறந்தவர் ஆமோஸ் ஹூமிஸ்டன் என்பது அவ்வாறு தெரிந்தது. ஒரே துணியில் தைத்த சட்டையும் கவுனும் எழுத்தாய் நாடெங்கும் சென்று அவ்வீட்டுக் கதவைத் தட்டின.

மொரீசியசுத் தீவையும் நினைக. 1834 முதல் அங்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம் நாட்டார் நாலரை இலட்சத்திற்கு மேற்பட்டோர். அவருட் தமிழரும் பலர். ஒப்பந்தம் முடிந்தோர் படம் ஒட்டிய சீட்டை உடன் வைத்திருக்க வேண்டும் என்று 1867 இல் அங்கே சட்டம் செய்தனர். மக்களை அடக்கி வைத்தற்கு எடுத்த படங்கள் அவை. ஆயினும் படத்தோடு எண்ணும், எண்ணோடு பெயரும் ஊரும் பதிவாயின. இன்று மோக்கா நகரத்து மகாத்மா காந்தி நிறுவனத்திற்குச் செல்லும் வழித்தோன்றல்கள், அவ்வெண்ணைக் கொண்டு தம் முன்னோரைத் தேடி அறிகின்றனர். அடிமைபோல் நடத்தப்பட்டார்க்குப் பெயர் எஞ்சியது. பட்டாசாலையில் மாலையிட்டு வணங்கப்பட்டார்க்குப் பெயர் எஞ்சவில்லை. அன்பு மட்டும் போதாது, எழுத்தும் வேண்டும்.

ஆகவே, அன்பர்காள், மூன்று செயல்களை வேண்டுகின்றோம். ஒன்று: படத்தைச் சட்டத்தினின்று வலிந்து பெயர்க்காமலும், ஈரத்துணியால் துடையாமலும், முன்னும் பின்னும் படியெடுத்து வையுங்கள், அட்டையின் பின்னே எழுதுவதாயின் மெல்லிய பென்சிலால் மட்டும் எழுதுங்கள். இரண்டு: எண்பது கடந்த பெரியோர் ஒவ்வொருவரிடமும் படத்தைக் கொண்டுசென்று, குறுக்கிடாது கேட்டு எழுதுங்கள், வீட்டுப் பெண்டிரை முதலிற் கேளுங்கள், உறவின் நுட்பம் அறிந்தவர் அவரே. மூன்று: தெரியாத முகமாயின், நிற்கும் முறை, அணி, உடை, அட்டை, எந்த வீட்டிலிருந்து வந்தது என்பவற்றைச் சொற்களால் எழுதி நம் இதழுக்கு விடுங்கள். வத்தலக்குண்டில் எழுதியதைப் பழனியில் ஒரு மூதாட்டி படிக்கக் கேட்டு, "அது என் தமக்கை" என்று கூறலாம். படம் இன்னும் நூறாண்டு இருக்கும், அம்மூதாட்டி இருக்கமாட்டார். படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவரை இன்றே சென்று பாருங்கள்.