அயலார் சிருஷ்டிக்கு உண்மையாயிருத்தல்



மைசூருவில் நின்று கலையைப் பற்றிப் பேச வந்த ஒருவன், இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் பயின்று, மால்குடி என்னும் ஊரைச் சிருஷ்டித்த ஆர்.கே. நாராயணைப் பற்றியே பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும், வரைபடத்தில் இல்லாத அவ்வூரைப் பாரததேசத்து இல்லங்களிலெல்லாம் கண்கூடாக்கிய சங்கர் நாக் என்னும் நடிகரைப் பற்றிப் பேசவே என் உள்ளம் விழைகிறது.

1954-இல் பிறந்து, பம்பாய் நாடகமேடையில் பயின்ற அவர், கிரீஷ் கார்னாட் இயக்கி 1978-இல் வெளிவந்த 'ஒந்தானொந்து காலதல்லி' படத்தில் கூலிப்படை வீரனாக நடித்துச் சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகராகக் கௌரவிக்கப்பட்டார். 'ஆட்டோ ராஜா'வுக்குப் பின் கர்நாடகத்து ஆட்டோ ஓட்டுநர்கள் அவர் உருவத்தைத் தம் வண்டிகளில் பொறித்துக்கொண்டனர். அந்தக் கீர்த்தியே ஒரு மனிதனுக்குப் போதுமானது. அவருக்கோ அது போதவில்லை. 'மிஞ்சின ஓட்ட'வையும், நடைபாதையில் உறங்கும் ஏழைகளைக் காரேற்றிக் கொன்ற அரசியல்வாதி மகனின் கதையான 'ஆக்ஸிடெண்ட்' படத்தையும் அவரே இயக்கினார்.

இவற்றினும் நான் பெரிதாக மதிப்பது அவர் இயக்கிய 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடரையே. தம் நாவலான 'தி கைட்' இந்தித் திரைப்படமாகி 1965-இல் வெளிவந்தபோது, அதில் தம் கதை உருமாறிப் போயிற்று என்று வருந்திப் பகிரங்கமாகவே எழுதியவர் நாராயண். அத்தகையவரின் சிருஷ்டியைக் கையிலெடுத்த சங்கர் நாக், மலைநாட்டு மழை ஓயாத ஆகும்பேயில் மால்குடியை அமைத்து, ஆடம்பரம் எதையும் சேர்க்காமல், கதையின் நிதானத்தையே காட்சியின் நிதானமாக்கினார். அத்தொடரின் 'மிட்டாய்வாலா' கதையில் ஜகனாகத் தமையனார் அனந்த் நாக் நடித்தார், சிறுவன் சுவாமியாக மஞ்சுநாத் வாழ்ந்தே காட்டினான், ஆர்.கே. லக்ஷ்மணின் சித்திரங்களும் எல். வைத்தியநாதனின் இசையும் துணைநின்றன. பிறன் உள்ளத்தில் புகுந்து அவனாகவே ஆகும் நடிகனது சாதனையை இயக்குநரின் ஆசனத்திலும் கைவிடாத இந்த விநயமே, என் அபிப்பிராயத்தில், அவருடைய மேதைமை.

1990 செப்டம்பர் 30-ஆம் நாள், தாவணகெரே அருகே நேர்ந்த சாலை விபத்தில், முப்பத்தைந்து வயதிலேயே அவர் மறைந்தார்; எண்ணுந்தோறும் நெஞ்சு பதறுகிறது. எனினும், அவர் மனைவியாரும் நடிகையுமான அருந்ததி நாகின் அயராத முயற்சியால், அவர் பெயர் தாங்கிய 'ரங்க சங்கரா' நாடக அரங்கம் 2004-இல் பெங்களூரில் திறக்கப்பட்டது. இன்று பட்டம் பெறும் உங்களிற் பலர் உத்தியோக நிமித்தம் அந்நகரம் செல்வீர்கள். சென்றதும் ஒரு மாலையில் அங்கே நாடகம் பாருங்கள் என்று உங்களை அன்போடு வேண்டுகிறேன்.