ஒய் அழுத்துமுன் பட்டியலைப் படியுங்கள்

(கிராஞ்சியில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கறிஞருக்குக் கணினி வகுப்பில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். சம்பளத் தகராறு என்று வருபவர்களின் சான்றுகள் இப்போது பெரும்பாலும் கணினியிலும் கைப்பேசியிலும்தான் இருக்கின்றன. 2016 ஏப்ரல் முதல் இங்கே முதலாளி விவரமான சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும். சம்பளம் வராவிட்டால், வேலையில் இருப்பவர் 1 ஆண்டுக்குள்ளும் வேலையை விட்டவர் 6 மாதத்துக்குள்ளும் முறையிட வேண்டும். சீட்டுகளைச் சேர்த்து வைக்கவும், நடந்ததை நாள்வாரியாகத் தமிழில் எழுதி வைக்கவும் ஒரு பழைய மடிக்கணினி போதும்.

அதில் டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். விலை இல்லை, நகலெடுத்துப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தாலும் குற்றம் இல்லை. கடைக்காரர் போட்டுத் தரும் திருட்டு நகலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கணினியில் தமிழ் என்பது இந்த ஊருக்கு அந்நியமானதல்ல. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்ட முன்னோடி. 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் கூடியது. 1999இல் அவர் மறைந்தார். அந்த நாட்களில் ஓர் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான். யூனிகோடு வந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

இனி வேலைக்கு வருவோம். முனையம் என்ற கறுப்புச் சாளரத்தைத் திறந்து, நான் சொல்வதை ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்'. கடவுச்சொல் கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாமல் இருக்கலாம். பயப்படாமல் அடித்து முடித்து என்டரைத் தட்டுங்கள். பொதிகளின் பட்டியல் புதுப்பிக்கப்படும். அடுத்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என்'. இது தமிழில் தட்டச்சு செய்வதற்கு. எழுத்துருவுக்கு அதே மாதிரி 'ஃபான்ட்ஸ்-லோகித்-டாம்ல்'. வெளியேறி மறுபடி நுழைந்து, விசைப்பலகை அமைப்பில் தமிழ்99ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீக்குவதில்தான் நம் மக்களுக்கு அச்சம். 'ஆப்ட் ரிமூவ்' என்றால் மென்பொருள் போகும், அதன் அமைப்புக் கோப்புகள் தங்கும். 'ஆப்ட் பர்ஜ்' என்றால் அவையும் போகும். இரண்டுமே உங்கள் வீட்டு அடைவில் இருக்கும் சம்பளச் சீட்டைத் தொடாது. (ஆனாலும் யுஎஸ்பியில் ஒரு நகல் வையுங்கள். வட்டு பழுதானால் எந்தச் சட்டமும் மீட்டுத் தராது.) துணைக்கு வந்து இப்போது தேவையற்றுக் கிடக்கும் பொதிகளை 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கூட்டித் தள்ளும்.

எதையும் நீக்குமுன் ஆப்ட் ஒரு பட்டியல் காட்டும்: இவையெல்லாம் போகப்போகின்றன, தொடரலாமா? பக்கத்தில் பெரிய ஒய், சிறிய என். பெரிய எழுத்தில் இருப்பதே இயல்பான விடை. அதாவது எதுவும் சொல்லாமல் என்டரைத் தட்டினாலே சம்மதம்! வேலை ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருந்தால் நான் சண்டைக்குப் போவேன்.

2021இல் நடந்ததைக் கேளுங்கள். கனடாவைச் சேர்ந்த லைனஸ் செபாஸ்டியன், கணினி பற்றியே யூடியூப் நடத்துபவர். பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். பொதிகளுக்குள் முரண்பாடு, அதை நிறுவினால் திரைச்சூழலே நீங்கிவிடும் என்று பட்டியல் சொன்னது. வெறும் ஒய் போதாது, 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்று முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னது. அடித்தார். திரைச்சூழல் போயிற்று. ஆங்கிலம் தாய்மொழியானவருக்கே இந்தக் கதி.

நிறுவும்போதும் நீக்க நேரலாம் என்பதை அதில் கவனியுங்கள். 'நீக்கப்படும்' என்ற தலைப்பின் கீழ் நீங்கள் கேட்காத பெயர் இருந்தால் என் அடியுங்கள். அந்தப் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்ப்போம்.