ரத்தத்தில் கிருமி கலந்தால்…
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆய்வகப் பணியாளர் ஒருவர் பேசியது)



நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். என் வேலையில் தெரிந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

பிரசவப் புண், நெஞ்சுச் சளி, நீர்க்கடுப்பு, சர்க்கரைக்காரங்க காலில் ஆறாத புண் என்று எங்கேயோ ஆரம்பிக்கிற கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. உடம்பு அதை எதிர்த்துப் போராடும்போது கிட்னி, நுரையீரல் எல்லாம் பழுதாகலாம். இதைத்தான் டாக்டர்கள் செப்சிஸ் என்கிறார்கள். 2017-ல் மட்டும் உலகத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் இதனால் இறந்ததாகக் கணக்கு.

எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க ரத்தத்தை எடுத்து, சத்து நீர் உள்ள பாட்டிலில் விட்டு, கதகதப்பாக வைப்போம். பாலுக்கு உறை ஊற்றிக் காத்திருக்கிற மாதிரிதான். இது பிளட் கல்ச்சர். கிருமி வளர ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். வளர்ந்த பிறகு அது என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க இன்னும் ஒன்றிரண்டு நாள்.

இப்போது பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் ஒரு மெஷின் வந்திருக்கிறது. கொரோனாவுக்கு மூக்கில் எடுத்தார்களே, டிபிக்குச் சளியில் பார்க்கிறார்களே, அதே வழிதான். கிருமியின் மரபணுவைக் கைரேகை மாதிரி பார்த்து அடையாளம் சொல்லும். பாட்டிலில் கிருமி வளர்ந்ததும் எடுத்துப் போட்டால், சுமார் ஒரு மணி நேரத்தில் பெயர் தெரிந்துவிடும். சில முக்கியமான மருந்துகளை எதிர்க்கும் மரபணு இருக்கிறதா என்பதையும் காட்டும். ஆனால் தன் பட்டியலில் உள்ள கிருமியை மட்டுமே அதற்குத் தெரியும். அதனால் கல்ச்சரும் கூடவே வேண்டும்.

மெஷின் எவ்வளவு வேகமாக இருந்தாலும், நாம் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதானே அது வேலை செய்யும்? மெடிக்கலில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு மூன்று நாள் பார்த்தால் பொழுதும் போகும், கல்ச்சரில் கிருமியும் சரியாக வளராது.

அதனால் இதை மனசில் வையுங்க. காய்ச்சலோடு நடுக்கம், மூச்சு வாங்குதல், பேச்சு குழறுதல், சிறுநீர் குறைதல், கை கால் சில்லிடுதல் இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்க. பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சலோ நாற்றமுள்ள போக்கோ இருந்தாலும், பச்சைக் குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலும் காத்திருக்காதீங்க. ஏற்கெனவே போட்ட மாத்திரையின் அட்டையையும் கையில் எடுத்துப் போங்க. "மருந்து ஏற்றுவதற்கு முன்னாடி கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தீங்களா?" என்று தயங்காமல் கேளுங்க. ரிசல்ட் வரட்டும் என்று டாக்டர் காத்திருக்க மாட்டார். மருந்தை ஆரம்பித்துவிட்டு, ரிசல்ட் வந்ததும் மாற்றுவார்.

வைத்தியச் செலவுக்கு என்று யாராவது குழுவில் அவசரக் கடன் கேட்டு வந்தால், பணத்தை எண்ணுவதற்கு முன்னால் இந்த அறிகுறிகள் இருக்கிறதா என்று கேளுங்க. இருந்தால் முதலில் வண்டி, கையெழுத்து அப்புறம்.